பேச்சுப் போட்டியால் மதியச் சாப்பாட்டு வரிசை மாறாது

சேலம் கோரிமேட்டுக்கும் ஏற்காடு அடிவாரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை கேட்டிருப்பது இது. வகுப்பில் 38 பிள்ளைகள். மலை ஊர்களிலிருந்து இறங்கி வருபவர்கள், அடிவாரத்துக் காலனிப் பிள்ளைகள், ஊருக்குள் வீடுள்ளவர்கள், கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர். ஒற்றுமை பற்றிப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, உறுதிமொழி எல்லாம் நடத்திப் பார்த்தாயிற்று. மதியம் தட்டை எடுத்ததும் நாலு கும்பலாகப் பிரிந்துதான் உட்காருகிறார்கள். "காட்டுப்பய", "ஹிந்திக்காரா" என்ற கூப்பாடும் நிற்கவில்லை. வேறு என்ன செய்யலாம், ஒவ்வொரு பிள்ளையையும் தனி ஆளாகப் பார்ப்பது எப்படி?

பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையே மதியம் தள்ளிப்போய் உட்காரும். அது போலித்தனம் இல்லை. பேச்சு என்பது அதற்கு ஒரு பாடம், ஒப்பித்தால் பரிசு. யார் பக்கத்தில் உட்காருவது, யார் லீடர், யார் கையில் துடைப்பம், யார் பெயரை டீச்சர் தடுமாறாமல் சொல்கிறார் என்பதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டே இருக்கிறதே, அது இன்னொரு பாடம். இரண்டும் முரண்பட்டால் பிள்ளை இரண்டாவதைத்தான் நம்பும். அதனால் முதலில் ஏற்பாடுகளை மாற்றுங்கள். விளக்கவுரையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

'ஒரே வகுப்பில்தானே இருக்கிறார்கள், பழகப் பழகச் சரியாகிவிடும்' என்பார்கள். பாதிதான் உண்மை. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்கு நான்கு நிபந்தனை சொல்லிவிட்டார். பழகும் இடத்தில் இரு தரப்புக்கும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவாக ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலை ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடியாததாக இருக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் அந்தப் பழக்கத்துக்கு வெளிப்படையாகத் துணை நிற்க வேண்டும். 2006-இல் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், பழக்கம் பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது, இந்த நான்கும் சேர்ந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்று கண்டார்கள். இப்போது உங்கள் வகுப்பைப் பாருங்கள். மலைப் பிள்ளை கடைசி பெஞ்சு. பீகார் பிள்ளைக்கு யாரும் எந்தப் பொறுப்பும் தருவதில்லை. பரீட்சை எழுதுவது ஆளுக்கு ஆள் தனியாக. நான்கில் ஒன்றுகூட இல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இப்போதைய நிலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேர வேலை. ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். "ஏற்காட்டுக்கு டூர் போனால் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார வேண்டும்? மூன்று பெயர் எழுது" என்று கேளுங்கள். சீட்டை மடித்து உங்கள் கையில்தான் தர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் 38 பெயரையும் வட்டமாக எழுதி, யார் யாரைச் சொன்னார்களோ அவர்களுக்கு அம்புக்குறி போடுங்கள். மூன்று விஷயம் தெரியவரும். ஒருவருமே எழுதாத பிள்ளைகள் யார்? கும்பலைத் தாண்டிப் போகும் அம்பு எத்தனை? இரண்டு கும்பலிலும் பெயர் வந்திருக்கும் பிள்ளை யார்? இந்தக் கடைசிப் பிள்ளைதான் உங்களுக்குப் பெரிய துணை. பெரும்பாலும் அது முதல் ரேங்க் பிள்ளையாக இருக்காது. கபடி ஆடுவதாகவோ நன்றாகச் சிரிக்க வைப்பதாகவோ இருக்கும்.

இதில் இரண்டு தவறு நேரலாம். "யார் பக்கத்தில் உட்காரப் பிடிக்காது?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கேட்ட மறு நிமிடமே அது வகுப்பில் பட்டியலாகச் சுற்றும். இன்னொன்று, சீட்டுகளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போவது. எண்ணி முடித்ததும் கிழித்துவிட்டு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து இதே கேள்வியை மறுபடி கேட்டால்தான் ஏதாவது நகர்ந்ததா என்று தெரியும். மதியச் சாப்பாட்டு வரிசையையும் வாரம் ஒரு நாள் ஒரு கட்டம் போட்டுக் குறித்து வாருங்கள்.

அடுத்தது பைசா செலவில்லாத, ஆனால் மிக முக்கியமான மாற்றம். வகுப்பில் சாதியை வாய்விட்டுச் சொல்வதை நிறுத்துவது. 'நாங்கள் எங்கே சொல்கிறோம்?' என்று தோன்றும். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் வரும்போது "எஸ்.சி., எஸ்.டி. எல்லாம் எந்திரி" என்பது நினைவிருக்கிறதா? எம்.பி.சி. பிள்ளைகளைத் தனி வரிசையில் நிறுத்தி சாதிச் சான்றிதழ் நகல் கேட்பது? வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, அந்தப் பதிவேட்டையே லீடர் கையில் கொடுத்து அனுப்புவது? தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் பழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பட்டத்தை விடச் சொன்னது. ஆனால் பெயரில் இல்லாததை எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வித்தை பத்து வயதுக்குள் வந்துவிடுகிறது. அப்படியும் தெரியாமல் போனதைப் பள்ளிக்கூடமே எழுப்பி நிறுத்திக் காட்டிக் கொடுக்கிறது.

இது வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை, மதிப்பெண்ணிலும் தெரியும். உலக வங்கியைச் சேர்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்த்தாள் கொடுத்தார்கள். ஒரு புதிர் போட்டால் 1 ரூபாய். சாதியைச் சொல்லாமல் நடத்தியபோது மேல்சாதிப் பையன்களும் கீழ்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் போட்டார்கள். தொடங்கும் முன் எல்லோர் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது, ஒதுக்கப்பட்ட சாதிப் பையன்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சரிந்தது. அறிவு அதேதான், தாளும் அதேதான். ஒரு வரி வாசிப்பு செய்த வேலை.

செய்ய வேண்டியது எளிது. உதவித்தொகை விவரம் எல்லாமே பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸ்ஸில் இருக்கிறது. அதிலிருந்து பட்டியலை ஸ்டாஃப் ரூமில் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் வரிசை எண் 1 முதல் 38 வரை ஒவ்வொருவராக ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்லுங்கள். விண்ணப்பம் தேவைப்படாத பிள்ளையையும் கூப்பிட்டு முகவரி சரியா, போன் நம்பர் மாறியிருக்கிறதா என்று கேட்டு அனுப்புங்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று வெளியே தெரியாது. கூடுதலாக ஒரு மணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையும் வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, இருக்கை அகர வரிசைப்படி இருக்க வேண்டும், கையில் வண்ணக் கயிறு கூடாது என்றே பரிந்துரைத்தது. உங்கள் ஹெச்.எம். தயங்கினால் இதை எடுத்துக் காட்டலாம்.

கூடவே ஒரு சின்ன விஷயம். மலைப் பிள்ளைகளில் பலர் பட்டியலில் 'மலையாளி' என்ற பழங்குடியைச் சேர்ந்தவர்கள். பேசுவது தமிழ். புதிதாக வரும் ஆசிரியர் தாய்மொழிக் கட்டத்தில் 'மலையாளம்' என்று பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.டி. சான்றிதழை மற்றவர்களுக்குப் போல வட்டாட்சியர் அலுவலகத்தில் தருவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அல்லது சப்-கலெக்டர் தர வேண்டும், அதற்கு நாளாகும். 'ஏன் இன்னும் கொண்டுவரவில்லை?' என்று அந்தப் பிள்ளையை வகுப்பில் நிறுத்திக் கேட்பதில் பயனில்லை.

விடைத்தாளையும் பெயர் பார்க்காமல் திருத்துங்கள். இந்தியாவில் நடந்த ஒரு பரிசோதனையில் ஒரே விடைத்தாள்களின் முகப்பில் வெவ்வேறு சாதியை எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கீழ்சாதி என்று எழுதியிருந்த தாளுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்படிக் குறைத்ததில் அதே சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களின் பங்குதான் முக்கியம். ஆக, 'நான் அப்படிப்பட்டவள் இல்லை' என்பது இங்கே உத்தரவாதம் ஆகாது. தாளின் பின்பக்கம் மட்டும் பெயர் எழுதச் சொன்னால் முடிந்தது. கையெழுத்து தெரியத்தான் செய்யும், இருந்தாலும் கணக்கிலும் அறிவியலிலும் இது நன்றாகவே வேலை செய்யும்.

இனி முக்கியமான பகுதி: ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடிக்க முடியாத வேலை. 'குழுவாகச் சேர்ந்து சார்ட் செய்யுங்கள்' என்பது அது இல்லை. அதில் நன்றாக வரைகிற பிள்ளை எல்லாவற்றையும் செய்யும், மற்றவர்கள் கோந்து எடுத்துக் கொடுப்பார்கள். கோந்து எடுத்துக் கொடுப்பவர் யாரென்று ஏற்கெனவே முடிவாகியிருக்கும். 1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனியாகப் படித்த வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது அடிதடி ஆனது. எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் அப்போது வகுப்பறைக்காக ஒரு முறையை உருவாக்கினார். பாடத்தை ஆறு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் தருவது. மற்ற ஐந்தும் வேண்டுமென்றால் மற்ற ஐந்து பேர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும்.

உங்கள் 38 பேருக்கு இதை இப்படி அமைக்கலாம். மொத்தம் ஆறு குழு: நான்கு குழுவில் 6 பேர், இரண்டு குழுவில் 7 பேர். குழுவைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ள விடாதீர்கள். துண்டுச்சீட்டு வரைபடத்தைப் பார்த்து முடிந்தவரை ஒவ்வொரு கும்பலிலிருந்தும் ஆள் வரும்படி நீங்களே போடுங்கள். ஆனால் வெளியே சொல்லும்போது 'கலந்து போட்டிருக்கிறேன்' என்று சொல்ல வேண்டாம். பாடத்துக்கு 'சேர்வராயன் மலை' என்று தலைப்பு வைத்துக்கொள்வோம். முதல் துண்டு, 280 மீட்டர் உயரத்தில் கிடக்கும் சேலத்துக்கும் ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காட்டுக்கும் வெயில் ஏன் வேறுபடுகிறது. இரண்டாவது, 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்த கதை, சில்வர் ஓக் நிழல், அதில் ஏறும் மிளகுக்கொடி. மூன்றாவது, மலை ஊர்களின் சாமை, தினை, ராகி விவசாயம். நான்காவது, மலையில் பிறந்து சேலம் நகர் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு, ஓமலூர் பக்கம் போகும் சரபங்கா. ஐந்தாவது, மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன பாக்சைட், அடிவாரத்து மாக்னசைட். ஆறாவது, 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை, மழைக்காலத்து மண்சரிவு. ஒவ்வொரு துண்டும் அரைப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.

நேரம்: 40 நிமிடப் பீரியட் இரண்டு சேர்ந்தாற்போல் வேண்டும். விளக்க 5 நிமிடம். தன் துண்டைத் தானே படிக்க 15. அடுத்த 20 நிமிடம் ஒரே துண்டை வைத்திருப்பவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் எழுந்து வந்து ஒன்றாக உட்கார்ந்து, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசிக்கொள்வார்கள். இந்த இருபது நிமிடத்தை நேரமில்லை என்று வெட்டுபவர்கள்தான் அதிகம். வெட்டினால் எல்லாமே கெட்டுப்போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை அங்கேதான் ஒத்திகை பார்க்கிறது. ஒத்திகை இல்லாமல் குழுவுக்குப் போனால் திக்கும், மற்றவர்கள் சிரிப்பார்கள், 'இவனுக்கு ஒண்ணும் தெரியாது' என்ற பழைய எண்ணம் இன்னும் இறுகும். பிறகு தன் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு 5 நிமிடமாக 30 நிமிடம் சொல்லிக்கொடுப்பது. கடைசி 10 நிமிடம் ஆறு துண்டையும் பற்றிச் சிறு தேர்வு.

தேர்வு தனித்தனியாக, மதிப்பெண்ணும் தனித்தனியாக. குழு மதிப்பெண் போட்டால் 'உன்னாலதான் குறைஞ்சது' என்று மறுபடி அந்தப் பிள்ளை தலையில்தான் விடியும். அதட்டிப் பேசும் பிள்ளை எல்லாக் குழுவிலும் ஒன்று இருக்கும். அதை நேரம் பார்க்கும் ஆளாக்கிவிடுங்கள், வாயும் அடங்கும், பெருமையும் குறையாது. பீகார் பிள்ளைக்குத் தமிழில் படிக்க வராது என்றால் படம், எண், அம்புக்குறி அதிகமுள்ள துண்டை, உயரமும் வெயிலும் பற்றியதைக் கொடுங்கள். கூட ஒரு ஜோடியும் தரலாம். ஏழு பேர் உள்ள குழுவில் ஒரு துண்டு எப்படியும் இருவருக்குத்தான் போகும். மூன்றாவது துண்டை மலைப் பிள்ளைக்குத்தான் தர வேண்டும் என்றும் தோன்றும். முதல் தடவை தராதீர்கள். அலுமினியம் பற்றி அது சொல்லிக்கொடுக்கட்டும். சாமையைப் பற்றி ஊர்ப்பிள்ளை படித்துவிட்டுத் தடுமாறும்போது 'அப்படி இல்ல, அதை உரல்ல குத்தணும்' என்று தானாகத் திருத்தும் பாருங்கள், அதுதான் வேண்டும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். மலைப் பிள்ளைகளின் வருகை அப்போது சரியும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளக்கூட நிறுத்திக்கொள்வார்கள். இந்த முறையை அந்த மாதங்களில் தொடங்கினால் துண்டு ஒன்று எப்போதும் காணாமல் போய், 'மலைக்காரன் வரமாட்டான்' என்று ஆகிவிடும். ஜூலையில் தொடங்குங்கள். வாரம் இரண்டு முறை, ஆறு வாரம். பிறகு குழுவைக் கலைத்து வேறாகப் போடுங்கள். முதல் இரண்டு வாரம் சத்தமும் சலிப்பும்தான் இருக்கும். அதோடு கைவிட்டவர்களுக்கு இந்த முறை வேலை செய்யவில்லை என்றே தோன்றியிருக்கும்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. உத்தரப்பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்தி ஆய்ந்த மேட் லோ என்ற பொருளியலாளர் கண்டது: வேறு சாதிக்காரர்களோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். அவர்களை எதிரணியாகச் சந்தித்ததால் அந்த நன்மை வரவில்லை, பலன் எதிர்த்திசையில் போனது. எனவே 'மேட்டுத்தெரு டீமும் காலனி டீமும்' என்று ஆட விடாதீர்கள், நட்பு ஆட்டம் என்று பெயர் வைத்தாலும் சரி. அரசுப் பள்ளிகளில் இப்போது 'மகிழ் முற்றம்' என்று ஐந்திணைப் பெயரில் ஐந்து குழு இருக்கிறதே, அது நல்ல வாய்ப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: பொருத்தமாக இருக்கிறது என்று மலைப் பிள்ளைகளையெல்லாம் குறிஞ்சியில் போட்டுவிடாதீர்கள்.

இருக்கைக்கு அகர வரிசை போதும். டெல்லியில் 2007 முதல் பெரிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் தர வேண்டியிருந்தது. அங்கே சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயர் வரிசைப்படி போட்டதால், எந்தப் பணக்காரப் பிள்ளைக்கு ஏழைப் பிள்ளை கூட்டாளியாக வந்தது என்பது தற்செயலாக அமைந்தது. அதை வைத்து ஆய்ந்ததில், அப்படிக் கூட்டாளி கிடைத்த பிள்ளைகள் ஏழைப் பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டுவது குறைந்திருந்தது, கொடுக்கும் குணமும் கூடியிருந்தது. அகர வரிசையில் வைத்தால் 'ஏன் என் பிள்ளையை அவன்கூட உட்கார வச்சீங்க?' என்று வரும் பெற்றோருக்கும் பதில் தயார். 20க்கு 20 அடி அறையில் 38 பேருக்கு 'ப' வடிவ இருக்கை எல்லாம் இடிக்கும். வரிசையாகவே இருக்கட்டும், திங்கள்தோறும் ஒரு வரிசை பின்னால் நகரட்டும், முதல் பெஞ்சு எல்லோருக்கும் முறை வரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். கலந்து உட்காரச் சொல்லி அதட்டினால் உட்காருவார்கள். நீங்கள் திரும்பியதும் தட்டோடு நகர்ந்துவிடுவார்கள். பாடத்துக்குப் போட்ட குழுவே சாப்பாட்டுக் குழு என்று வையுங்கள். குழுவில் ஒருவர் தண்ணீர் கொண்டுவர வேண்டும், ஒருவர் முட்டை எண்ணி வாங்க வேண்டும், ஒருவர் இடம் துடைக்க வேண்டும், இது தினமும் மாற வேண்டும். நீங்களும் வாரத்தில் இரண்டு நாளாவது அதே சாப்பாட்டை அதே தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஒவ்வொரு நாளும் வேறு குழுவோடு. சத்துணவுக்கும் காலை உணவுக்கும் சமைப்பவர் இன்ன சாதி என்று எந்தப் பெற்றோராவது முணுமுணுத்தால் பேரம் பேசாதீர்கள். சமையல்காரரை மாற்றுவதோ அந்தப் பிள்ளைக்கு 'வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம்' என்று தனி அனுமதி தருவதோ பள்ளியே அந்தப் பேச்சுக்கு முத்திரை குத்துவதாகும்.

துப்புரவு வேலை இதைவிட நெருப்பு. வகுப்பு கூட்டுவது வரிசை எண்படி, ஆணும் பெண்ணும், லீடரும் சேர்த்து. கழிவறையைப் பிள்ளைகள் யாரும் கழுவக்கூடாது. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த தலைமை ஆசிரியர் கைதானார். 'சும்மா ரெண்டு வாளித் தண்ணி ஊத்தச் சொன்னேன்' என்பது அங்கே பதில் ஆகாது. பெஞ்சு தூக்குவது, டீ வாங்கி வருவது ஆகியவற்றுக்கும் உங்கள் வாயில் முதலில் வரும் பெயர் யாருடையது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எப்போதும் அதே இரண்டு மூன்று பெயராக இருந்தால் அதன் காரணத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையையும் தனி ஆளாகப் பார்ப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகளே அதிகம். ஆண்டு விழாவில் மலைப் பிள்ளைகளுக்கு இலைதழை கட்டி 'பழங்குடி நடனம்' ஆட வைப்பது அதில் ஒன்று. அவர்கள் அப்பா ஜீன்ஸ் போட்டு எஸ்டேட் ஜீப் ஓட்டுவார், பிள்ளைக்கு மேடையில் தழை. அந்த நிமிடத்திலிருந்து அது ஏழாம் வகுப்புப் பையன் இல்லை, 'மலைக்காரன்'. இன்னொன்று சாதனையாளர் பாடம். தீவட்டிப்பட்டி பக்கத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து போய் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு நம் மாவட்டத்தின் பெருமை, சொல்ல வேண்டியதுதான். ஆனால் அது மட்டுமே சொன்னால் பிள்ளைகள் அவரை விதிவிலக்கு என்று தனிப் பெட்டியில் வைத்துவிட்டு, பக்கத்து பெஞ்சில் காலை இழுத்து நடக்கும் பிள்ளையைப் பற்றிய எண்ணத்தை அப்படியே வைத்திருப்பார்கள். மோசமாக, 'அவர் ஜெயிக்கலையா, உனக்கென்ன?' என்று அதையே குத்தலாகவும் திருப்புவார்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஸ்கோர் எழுதும் பொறுப்பா, அம்பயர் வேலையா, கேரம் அணியில் இடமா என்று அதனிடமே கேளுங்கள். காது மந்தமான பிள்ளை இருந்தால் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள், முகம் தெரியும்படி நின்று பேசுங்கள். மதிப்பீட்டுக்கும் கருவிக்கும் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் இருக்கிறார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியாவும் அதில் வரும். 'மக்கு' என்று ஒதுக்கியதில் சில அதுவாக இருக்கக்கூடும்.

நல்ல வழி ஒன்று: வாரத்துக்கு நாலு பிள்ளை, ஆளுக்கு ஒரு அட்டை. கேள்விகள் சாதி, ஊர், அப்பா வேலை, வீட்டு வசதி எதையும் தொடக்கூடாது. எதை மணிக்கணக்காகச் செய்தாலும் சலிக்காது? எந்தச் சத்தம் பிடிக்காது? யாருக்கும் தெரியாத எதை உன்னால் செய்ய முடியும்? என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எது வேண்டாம்? அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள். மலைப் பையனும் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைப்பவர் மகனும் ரெண்டு பேருமே புறா வளர்க்க ஆசைப்படுவது அப்போதுதான் தெரியும். 'கடைசிக் கேள்வி' முக்கியம். குரல் மென்மையாக இருக்கும் பையனையும் கறுப்பாக இருக்கும் பெண்ணையும் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது அந்த அட்டையில்தான் வெளிவரும். வெளிவந்தால் அதைச் சுவரில் ஒட்டாமல் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மொழிகளையும் எடுக்கலாம், கொஞ்சம் பதனமாக. சேலத்தில் ஒரு வகுப்பிலேயே தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது எல்லாம் இருக்கும். 'தண்ணீர்' என்பதைப் பலகையில் ஏழு மொழியில் எழுதினால் பீகார் பிள்ளை மட்டும் அந்நியமாகத் தெரியாது. ஒடிசா பிள்ளையின் மொழி இந்தியே இல்லை என்பதும் தெரிந்துபோகும். பதனம் எதற்கென்றால், இங்கே வீட்டு மொழி பல நேரம் சாதியைக் காட்டிக் கொடுக்கும். விரும்பியவர்கள் மட்டும் எழுதட்டும், யாரையும் பெயர் சொல்லி எழுப்ப வேண்டாம்.

இவ்வளவுக்கும் நடுவில் யாராவது "போடா காட்டுப்பய" என்று சொல்லத்தான் போகிறார்கள். அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பாடத்தை நிறுத்தி, குரலை உயர்த்தாமல், "இந்த வகுப்பில் அந்தச் சொல் கிடையாது" என்று ஒரே வரி. உடனே பாடத்துக்குத் திரும்பிவிடுங்கள். திட்டு வாங்கிய பிள்ளையை எழுப்பி "உனக்கு வருத்தமா?" என்று கேட்கவே வேண்டாம், அது இரண்டாவது அவமானம். இடைவேளையில் தனியாகப் பேசுங்கள். சொன்ன பிள்ளையையும் அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சொல்லை எங்கே கேட்டது, யார் அப்படிச் சொல்வார்கள் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பதில் வீட்டில் இருக்கும். எல்லோர் முன்னாலும் கை குலுக்க வைப்பது, கட்டிப்பிடிக்க வைப்பது, மன்னிப்பு எழுதி வாசிக்க வைப்பது எல்லாம் ஆசிரியருக்கு நிம்மதி தரும், அவ்வளவுதான். 'விளையாட்டுக்குச் சொன்னான்' என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே பிள்ளை மீது மூன்றாவது முறை வந்தால் அது சண்டை இல்லை, துன்புறுத்தல். ஹெச்.எம். கையெழுத்தோடு நடவடிக்கை வேண்டும்.

பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் அது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். ஆசிரியர் பிள்ளையை மனம் நோகச் செய்வதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் தடுக்கிறது. பள்ளிக்குள் மூடி மறைக்கப் பார்த்தால் பெற்றோருக்கு 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண், 14566 வன்கொடுமை உதவி எண் மூன்றும் இருக்கின்றன. இவற்றை நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுவது பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று சில ஹெச்.எம்.கள் நினைப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத் தீர்மானமாகப் போட்டுவிட்டால் தனிப்பட்ட ஆள்மேல் பழி வராது.

பெற்றோர் கூட்டத்தில் சமத்துவம் பற்றிப் பேச வேண்டாம், தலையாட்டிவிட்டுப் போவார்கள். குழுத் தேர்வின் மதிப்பெண்களைக் காட்டுங்கள். சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கே பாடம் நன்றாக மனதில் நிற்கும் என்பதை அவர் பிள்ளையின் தாளை வைத்தே காட்ட முடியும். மலை ஊர்ப் பெற்றோரைச் சாயங்காலக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கடைசி பஸ் போய்விடும். 'அக்கறை இல்லாதவர்கள்' என்ற பேர் அப்படித்தான் வருகிறது. அவர்களுக்குக் கூட்டத்தைக் காலையில் வையுங்கள், இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு முறையாவது நீங்கள் மேலே போய் வாருங்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்துச் சீட்டு கொடுக்கும்போது கும்பல் மறைந்துபோயிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். யாருமே எழுதாத பிள்ளைகள் நாலு பேர் இருந்த இடத்தில் ஒருவரோ இருவரோ ஆகி, கும்பலைத் தாண்டிய அம்புகள் இரண்டு மடங்கானால் அது பெரிய நகர்வு. பெண் பிள்ளைகளிடம் இது சீக்கிரம் வரலாம், பையன்களிடம் விளையாட்டு வழியாக வரலாம். ஆசிரியர் மாறினால் மூன்றே வாரத்தில் பழையபடி ஆகிவிடும் என்பதுதான் பெரிய ஆபத்து. ஏப்ரலிலேயே எட்டாம் வகுப்பு ஆசிரியரிடம் குழுப் பட்டியல், இருக்கை வரிசை, துப்புரவு முறை மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். துண்டுச்சீட்டு வரைபடத்தை மட்டும் கொடுக்க வேண்டாம். ஜூனில் அவர் புதிதாக எடுத்துக்கொள்ளட்டும்.